மோட்டார்ஹோமுடன் எடை மிகுந்த மோட்டார் சைக்கிள்: பிரிட்டன் விதிகள்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் மோட்டார்ஹோமில் (தங்கும் வசதி கொண்ட வண்டியில்) பயணம் செய்கிறவர்கள், மோட்டார் சைக்கிளை வண்டியின் பின்புறக் கேரியரில் ஏற்றியோ டிரெய்லரில் வைத்து இழுத்தோ கொண்டுசெல்லலாம். நூறு கிலோ ஸ்கூட்டர் என்றால் பெரும்பாலும் கேரியரே போதும். ஆனால் 250 கிலோவைத் தொடும் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் போன்ற வண்டிக்கு டிரெய்லரே ஏற்றது.

முதலில் உரிமம். 1997 ஜனவரி 1 முதல் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள், பி வகை உரிமத்தில், பொதுவாக உச்ச எடை (சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை) 3,500 கிலோவுக்கு மேற்படாத மோட்டார்ஹோமையே ஓட்டலாம். அதற்கு முன் தேறியவர்களுக்கு 7,500 கிலோ வரையிலான சி1 வகையும் பொதுவாகச் சேர்ந்தே இருக்கும். எனினும் 70 வயதில் புதுப்பிக்கும்போது மருத்துவப் பரிசோதனைக்கான டி4 படிவத்தை அனுப்பாதவர்கள் அதை இழந்துவிடுவார்கள்.

உரிமம் சரியாக இருந்தாலும் அச்சு எடை, அதாவது ஒவ்வொரு சக்கர அச்சும் தாங்கும் எடை, இடம் கொடுக்க வேண்டும். பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். வண்டியில் தயாரிப்பாளர் பொருத்திய எடைத் தகட்டில் பொதுவாக வரிசையாக நான்கு எண்கள் இருக்கும்: வண்டியின் உச்ச எடை, டிரெய்லரையும் சேர்த்த உச்ச எடை, முன் அச்சு தாங்கும் எடை, பின் அச்சு தாங்கும் எடை. இரு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சிலிருந்து 2.5 மீட்டர் பின்னால் தள்ளி 250 கிலோவை ஏற்றினால், அது நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்குவதால், பின் அச்சின் மேல் கூடுவது 250 கிலோ அல்ல, ஏறத்தாழ 406 கிலோ. முன் அச்சிலோ 156 கிலோ குறைந்துவிடும். ஃபியட் டுகாட்டோ போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில், ஈரப் புல்தரையிலும் ஏற்றத்திலும் சக்கரம் வழுக்குவதற்கு இது போதும். கேரியரின் சொந்த எடை இந்தக் கணக்கில் சேரவில்லை. மொத்த எடை வரம்புக்குள் இருந்து ஓர் அச்சு மட்டும் மீறினாலும் அது குற்றமே.

கேரியரில் ஏற்றிய மோட்டார் சைக்கிள் பின்விளக்குகளையோ நம்பர் பிளேட்டையோ மறைத்தால், அதே எண்ணும் விளக்குகளும் கொண்ட பலகையைப் பின்னால் பொருத்த வேண்டும். நம்பர் பிளேட் சரியாகத் தெரியாவிட்டால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம்.

டிரெய்லரைப் பொறுத்தவரை, 2021 டிசம்பர் 16 முதல் பி உரிமக்காரர்கள் தனித் தேர்வு எதுவும் எழுதாமலேயே 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். ஆனால் அந்த அனுமதி ஓட்டுநருக்குத்தானே தவிர வண்டிக்கு அல்ல: தகட்டில் டிரெய்லரையும் சேர்த்த எடை குறிக்கப்படவில்லை என்றால் அந்த வண்டியைக் கொண்டு எதையும் இழுக்கக் கூடாது. பிரேக் இல்லாத டிரெய்லரின் எடை, சுமையோடு சேர்த்து, 750 கிலோவையோ இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதியையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஒற்றை மோட்டார் சைக்கிள் டிரெய்லர்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். இழுக்கும் வண்டியின் எண்ணே டிரெய்லரிலும் இருக்க வேண்டும். டிரெய்லரோடு செல்லும்போது நடுத்தடுப்பு இல்லாத சாலையில் மணிக்கு 50 மைலும், நடுத்தடுப்பு உள்ள சாலையிலும் மோட்டார்வேயிலும் (அதிவேக நெடுஞ்சாலையிலும்) 60 மைலும் வேக வரம்பு; மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்தில் செல்லக் கூடாது.

கேரியரோ டிரெய்லரோ, தண்ணீர், எரிவாயு, பயணிகள், மோட்டார் சைக்கிள் என எல்லாவற்றையும் ஏற்றிய நிலையில் எடைமேடைக்குச் சென்று, அச்சு ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட்டுத் தகட்டோடு ஒப்பிட்ட பிறகே புறப்பட வேண்டும்.