டனல்: சுரங்கமா, குழலா?

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். போன சனிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸில், அதாவது டபிள்யூஎஸ்எல் 2-இல், வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டிருந்தான். பொது இணையத்துக்குள் நமக்கென்று மறையாக்கிய ஒரு தனி வழியை அமைப்பதுதான் விபிஎன். அந்த வழிக்கு டனல் என்று பெயர்.

"மாமா, டனல் அப் ஆயிடுச்சு. பிங் போகுது. ஆனா பேஜ் திறக்க மாட்டேங்குது."

பிங் என்பது மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் செய்தி. அது கிடக்கட்டும், இந்த டனலைத் தமிழில் எப்படி எழுதுவது? டனல் என்றால் பழைய பிரெஞ்சில் பீப்பாய். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது பறவை பிடிக்கும் புனல் வடிவ வலை. நிலத்தடி வழி என்ற பொருள் பிறகு வந்ததுதான். வலையமைப்புக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பூர்வீகம் அமையாது! லினக்ஸில் விபிஎன் டனல் வேலையைச் செய்யும் மெய்நிகர் சாதனத்துக்குப் பெயர் 'டன்'. டனல் என்பதன் சுருக்கம்தான். ஆனால் ஆங்கிலத்தில் பெரிய பீப்பாய்க்கும் அதே பெயர்.

தமிழில் சுரங்கம், சுரங்கப்பாதை என்கிறோம். இதன் பழைய வடிவமான சுருங்கை சிலப்பதிகார மதுரையிலேயே வருகிறது: யானைகள் போகும் 'சுருங்கை வீதி'. கிரேக்கத்தில் குழலையும் நிலத்தடி வழியையும் குறித்த 'சிரிங்ஸ்' என்ற சொல்லே வடமொழி வழியாகச் சுருங்கை ஆனது என்பது அறிஞர் பலரின் கருத்து. சுருங்கு என்ற வினையோடு சேர்ப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் குழல், குறுகல் இரண்டுமே இங்கே பொருந்துகின்றன.

சுரங்கம் என்றால் தங்கச் சுரங்கமும் நினைவுக்கு வருமே என்பார்கள். சிங்கப்பூரில் அந்தக் குழப்பம் குறைவு. காலாங் - பாய லேபார் விரைவுச்சாலையில் சுமார் 9 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில்தான். ஆகவே சுரங்கப்பாதை என்றே எழுதலாம்.

அக்கா மகனின் சிக்கலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. 4.5 மீட்டருக்கு மேல் உயரமான லாரி நம் சுரங்கப்பாதைக்குள் நுழைய முடியாது. இங்கே லாரி என்பது தரவுப் பொட்டலம். லினக்ஸ் பக்கம் தன் பாதை 1500 பைட் கொள்ளும் என்று நம்பியது. வயர்கார்டு உறை போட 80 ஒதுக்கி 1420 என வைத்துக்கொண்டது. விண்டோஸ் பக்கம் படிப்புக்கான இன்னொரு விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது லினக்ஸுக்குத் தெரியாது. அதன் உறையும் சேர்ந்ததில் பாதை இன்னும் குறுகிவிட்டது. சுரங்கத்துக்குள் சுரங்கம்! சின்ன பிங் நுழைந்துவிட்டது, பெரிய பொட்டலம் மாட்டிக்கொண்டது. அமைவுக் கோப்பில் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, 1280 என்று ஒரு வரி சேர்த்து மறுபடி கிளப்பினோம். பக்கம் திறந்தது.

விபிஎன்னுக்கு 'மெய்நிகர் தனியார் வலையமைப்பு' என்று எழுதுகிறார்கள். தனியார் மருத்துவமனை மாதிரி ஏதோ கம்பெனி விவகாரம் போலத் தோன்றுகிறது. ஆர் விகுதி ஆட்களுக்கு. 'மெய்நிகர் தனி வலையமைப்பு' போதும். பேச்சில் விபிஎன் என்றே சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். இணையம் என்ற சொல்லைத் தந்தவராக அறியப்படும் நம் ஊர் நா. கோவிந்தசாமி போல, சுருக்கமாக ஒன்றை யாராவது தரும்வரை அதுதான் ஓடும்.

அப்புறம், டனல் 'அப்' ஆவதை எப்படிச் சொல்வது? 'சுரங்கம் மேலே வந்தது' என்றால் பூகம்பம் போல இருக்கிறது. திறந்தது, மூடியது என்றே எழுதுகிறேன்.