ஜூரி சம்மனும் கஸ் கார்சியா நடத்திய வழக்கும்

டெக்சாஸில் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் பலர் வழக்கறிஞர் என்ற முறையில் என்னிடம் கேட்பது, வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் சேவை செய்யச் சம்மன் வந்திருக்கிறது, போகாமலிருக்க வழி உண்டா என்பதுதான். முறையான விலக்குகள் சில உண்டு. ஆனால் அவற்றுக்கு முன், ஜூரி இருக்கையில் அமரவே விடாமல் மெக்சிகோ வம்சாவளிச் சமூகத்தை இதே மாநிலத்தில் ஒதுக்கி வைத்திருந்ததையும், அதை எதிர்த்து வென்ற வழக்கறிஞர் கஸ் கார்சியாவையும் பற்றிச் சொல்லிவிடுவேன்.

1915இல் லாரெடோவில் பிறந்த கார்சியா, 1938இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டப்பட்டம் பெற்றவர். 1951இல் ஜாக்சன் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) எட்னா என்ற சிற்றூரில், பீட் ஹெர்னாண்டஸ் என்ற பண்ணைத் தொழிலாளி, மதுக்கடைத் தகராறு ஒன்றில் இன்னொருவரைச் சுட்டுக் கொன்றார். அவருக்காக கார்லோஸ் கடேனா, ஜான் ஹெர்ரேரா, ஜேம்ஸ் டிஆண்டா ஆகியோருடன் வாதாட வந்த கார்சியா, தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவர்கள் யார் என்பதையே வழக்கின் மையமாக்கினார். மக்கள் தொகையில் சுமார் 14 சதவீதத்தினர் மெக்சிகோ வழிப் பெயர் கொண்டிருந்த அந்தக் கவுண்டியில், 25 ஆண்டுகளில் அழைக்கப்பட்ட 6,000க்கும் மேற்பட்ட ஜூரிகளில் அத்தகைய பெயருடையவர் ஒருவர்கூட இல்லை.

அரசுத் தரப்பின் பதில் சாமர்த்தியமானது: மெக்சிகோ வம்சாவளியினரும் வெள்ளையரே, வெள்ளையர் ஜூரியாக அமர்ந்ததில் அவர்களுக்கு என்ன குறை? மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால், வழக்கு நடந்த நீதிமன்ற வளாகத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் பலகை எதுவும் இல்லை. மற்றொன்றில் 'கறுப்பின ஆண்கள்' என்றும், கூடவே ஸ்பானிய மொழியில் 'ஆண்கள் இங்கே' என்றும் எழுதியிருந்தது. இப்படி எதிர்த்தரப்பின் சுவரிலேயே கிடைக்கும் சான்று எந்த வழக்கறிஞருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

1954 மே 3 அன்று, தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஹெர்னாண்டஸின் தண்டனையை ரத்து செய்தது. தகுதியானவர்களையே தேர்ந்தெடுத்தோம், பாகுபாடு காட்டவில்லை என்று ஜூரி ஆணையர்கள் சாட்சியம் அளித்திருந்தும், இத்தனை ஆண்டுகளின் விளைவைத் தற்செயல் என்று நம்ப இயலாது என்றது நீதிமன்றம். ஓர் அதிகாரியின் மனத்தில் கெட்ட எண்ணம் இருந்ததென நிரூபிக்கத் தேவையில்லாமல், பதிவேட்டின் எண்களைக் கொண்டே பாகுபாட்டைக் காட்டலாம் என்ற இந்த முறையே 1977இல் ஹிடால்கோ கவுண்டி கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என முடிவு செய்யும் குழு) வழக்கிலும் கைகொடுத்தது. ஹெர்னாண்டஸ் மறுவிசாரணையிலும் குற்றவாளியென்றே தீர்ப்பானது. குடிப்பழக்கத்தால் நொடிந்துபோன கார்சியா 1964இல், 48 வயதில் இறந்தார்.

இனி சம்மனுக்கு வருகிறேன். வாக்காளர் பட்டியலோடு ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர்கள் எடுக்கப்படுவதால், கிரீன் கார்டு, எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கும் அது வரும். அவர்கள் அதைக் குப்பையில் போடாமல், குடியுரிமை இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். குடியுரிமை உள்ள சிலரோ, வேலையைத் தவறவிடக் கூடாதென்று அதே கட்டத்தில் குறியிட்டு விடுகிறார்கள். அவ்வாறு விலக்குப் பெற்றவர்களின் பெயர்கள் வாக்காளர் பதிவு அலுவலகத்துக்குப் போகும், வாக்குரிமையே கேள்விக்குள்ளாகும். வேலை நெருக்கடி என்றால் தேதியை ஒத்திவைக்கக் கேளுங்கள்; பெரும்பாலும் தருவார்கள்.