பொடிப்பனிக்கு எவ்வளவு அகலமான ஸ்கீ வேண்டும்: முழங்காலின் பக்கமிருந்து சில குறிப்புகள்

ஜனவரி பாதியில் தொடங்கி மார்ச் இறுதிவரை, தில்லியில் நான் பணிபுரியும் இயன்முறை சிகிச்சை மையத்துக்கு, காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கிலிருந்து திரும்பியவர்கள் முழங்கால் வலியோடு வருவது வழக்கம். ராமகிருஷ்ணபுரம், மயூர் விகார், நொய்டா, குருகிராம் பகுதிகளில் குடியிருக்கும் தமிழர்களும் அவர்களில் உண்டு. விழுந்து தசைநார் கிழிந்து வருபவர்களின் பிரச்சினை வெளிப்படையானது. ஒருமுறைகூடப் பலமாக விழாமலேயே, மூன்றாம் நான்காம் நாளில் படி இறங்க முடியாத அளவுக்கு முழங்கால் வீங்கி வருபவர்கள்தாம் எனக்குக் கூடுதல் கவலை தருகிறார்கள். எந்த ஸ்கீயில் சறுக்கினீர்கள் என்று கேட்டால், "பொடிப்பனிக்கு என்று கேட்டு 115 வாங்கினேன்" என்பது போன்ற பதில் அடிக்கடி வருகிறது. அந்த வாரத்தில் எத்தனை நாள் பொடிப்பனி, அதாவது புதிதாக விழுந்து இறுகாத உலர்ந்த பனி, இருந்தது என்று அடுத்துக் கேட்டால், பெரும்பாலும் ஒரு நாள், சில சமயம் அதுவும் இல்லை.

ஸ்கீயின் அகலம் என்று கடைக்காரர் சொல்வது, காலணிக்கு நேர்க்கீழே அது குறுகியிருக்கும் இடையின் அகலம். ஸ்கீயின் மேல் 125–88–110 என்பது போல அச்சிட்டிருக்கும் மூன்று எண்களில் நடு எண் அது, அலகு மில்லிமீட்டர். இயந்திரத்தால் அழுத்திச் சீர்செய்த சரிவுகளுக்கான ஸ்கீகள் 65 முதல் 80 வரை இருக்கும். எல்லாப் பனிக்கும் பொதுவானவை 80 முதல் 95 வரையிலும், சீர்செய்யாத சரிவுகளுக்கானவை 95 முதல் 108 வரையிலும் அமையும். 110க்கு மேற்பட்டவற்றைப் பொடிப்பனி ஸ்கீ என்கிறார்கள். இந்த எல்லைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்றே மாறும்.

அகலத்தின் பயன் மிதப்பு. புதிதாக விழுந்த உலர்ந்த பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் கீழே இருக்கலாம். அதாவது அதன் பெரும்பகுதி காற்று. அதன்மேல் உடல் எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறதோ அவ்வளவுக்கு ஸ்கீ மேலே நிற்கும். 180 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்கீயில் இடையை 88லிருந்து 115க்கு மாற்றினால் மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். பொடிப்பனியில் இந்த ஆதாயம் உண்மையானது. அங்கே பனி ஸ்கீயின் அடிப்பரப்பு முழுவதையும் தாங்குவதால், விசை பாதத்தின் நடுவிலேயே விழுகிறது. முழங்காலுக்கு அது மென்மையான வேலை.

கெட்டிப்பனியில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே ஸ்கீ ஓர் இரும்பு விளிம்பின்மேல் சாய்ந்து நிற்கிறது, தரையின் எதிர்விசை முழுவதும் அந்த விளிம்பின் வழியாகவே மேலேறுகிறது. இடை 88 என்றால் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு 44 மி.மீ. தள்ளியிருக்கும், 115 என்றால் 57.5 மி.மீ. நெம்புகோலின் கை 30 சதவீதம் நீண்டுவிடுகிறது. வழக்கமான ஸ்கீ பூட்டின் அடி, முன்பகுதியில் 69 மி.மீ. அளவே அகலம் உடையது என்பதால், அகன்ற ஸ்கீயின் விளிம்பு காலணிக்கு வெகுவாக வெளியே போய்விடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் பனி அந்த ஸ்கீயைத் தட்டையாக்கப் பார்க்கிறது, சறுக்குபவர் அதைச் சாய்த்தே வைத்திருக்கப் போராடுகிறார். கெட்டியான பூட்டுக்குள் கணுக்கால் அசைய இடமில்லை. ஆகவே அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறுகிறது. தொடைத்தசை சோர்வதற்குமுன் முழங்கால் இதைப் பொறுத்துக்கொள்ளும், சோர்ந்தபின் பொறுக்காது.

மிதப்பில் ஐந்தில் ஒரு பங்கு ஆதாயத்துக்காக, கெட்டிப்பனியில் முழங்கால்மீது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் முறுக்கை ஏற்கிறோம். ஆகவே அகலத்தைத் தீர்மானிக்க வேண்டியது, நாம் விரும்பும் பனி அல்ல, நாளின் பெரும்பகுதி நேரம் காலடியில் இருக்கப்போகும் பனி.

குல்மார்க்கின் பனி எத்தகையது என்று இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் நம்மவர்கள் படிக்கும் அறிவுரைகளில் பல ஜப்பானின் ஹொக்கைடோவையோ அமெரிக்காவின் யூட்டாவையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஹொக்கைடோவில் குளிர்காலத்தில் பெரும்பாலும் அடுத்தடுத்து இலேசான பனி விழுந்துகொண்டே இருக்கும். காஷ்மீருக்குப் பனி தருவது மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் வானிலை அமைப்புகள். அவை வரும்போது ஓரிரு நாளில் மீட்டர் கணக்கில்கூடக் கொட்டிவிட்டுப் போகும். பிறகு பல நாள் வெயில். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் சில்லை கலான் கடுங்குளிரிலும் இந்த இடைவெளிகள் உண்டு. 2024 ஜனவரி பெரும்பகுதி பனியே இல்லாமல் கழிந்தது. 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியையே பனிக்குறைவால் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைக்க நேர்ந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்பே தில்லி–ஸ்ரீநகர் விமானச் சீட்டு எடுப்பவருக்குப் பொடிப்பனியை யாரும் உறுதியளிக்க முடியாது.

பனி கொட்டிய மறுநாளும் கதை எளிதல்ல. குல்மார்க்கின் கம்பிவட ஊர்தியான கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுசெல்கிறது. பெரும்பனிக்குப் பின் பனிச்சரிவு ஆபத்து சோதிக்கப்படும்வரை அது மூடியிருக்கும். திறப்பதற்குள் முகட்டுப் பகுதியைக் காற்று இறுக்கிவிடும். வெயில்படும் முகங்கள் பகலில் இளகி இரவில் உறைந்து மேலோடு கட்டும். நிழலான பள்ளங்களிலும் மரங்களுக்கு இடையிலும் மட்டும் மென்பனி நீடிக்கும். கீழே, கொண்டோலாவின் இடைநிலையமான காங்டூரியை நெருங்கும்போது, பலர் சறுக்கித் தேய்த்த கெட்டிப்பாதையில்தான் வந்து சேர வேண்டும். ஒரே இறக்கத்தில் நான்கு வகைப் பனி. கால்கள் மிகவும் களைத்திருக்கும் கடைசிப் பகுதியில் மிகக் கெட்டியான பனி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கையில் கிடைத்த 75ஐ எடுத்துக்கொண்டு ஆழமான பனிக்குள் இறங்குவதும் தவறு. குறுகிய ஸ்கீயின் நுனி உள்ளே புதையும்போது உடல் தானாகப் பின்னால் சாய்கிறது. தொடைகள் எரியத் தொடங்குகின்றன. பின்சாய்ந்த நிலையில் விழுவதே முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழிவதற்கு நன்கறியப்பட்ட வழிகளில் ஒன்று. பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் கழன்று காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அது முதன்மையாகக் கீழ்க்கால் எலும்பு முறியாமல் காப்பதற்காக அமைந்தது, அந்தத் தசைநாரைக் காப்பதாக எந்த உத்தரவாதமும் இல்லை.

எனவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. குல்மார்க்குக்கு ஒரே ஒரு ஜோடி என்றால், ஓரளவு பழகிய, 65 முதல் 80 கிலோ எடையுள்ளவருக்கு 95 முதல் 104 வரை போதும். 55 கிலோ எடையுள்ளவர் அதைவிடக் குறைந்த அகலத்திலேயே அதே மிதப்பைப் பெறுவார். அவருக்கு 90ஐ ஒட்டி நான் பரிந்துரைப்பேன். முழங்காலில் பழைய காயமோ அறுவை சிகிச்சையோ இருந்தால், மருத்துவர் அனுமதித்தபின், எடை எதுவானாலும் 90ஐத் தாண்ட வேண்டாம்; ஆழ்ந்த பனி நாளில் ஓய்வெடுப்பதில் குறை ஒன்றுமில்லை. 110க்கு மேல் வேண்டுபவர்கள், பனி கொட்டிய நாளில் மட்டும் அதை வாடகைக்கு எடுத்து, மறுநாள் திருப்பிக் கொடுக்கட்டும். உத்தராகண்டின் ஔலிக்குப் போகிறவர்களுக்கு, அங்கே சீர்செய்த சரிவே முக்கியம் என்பதால், 75 முதல் 85 வரை நிறைவானது.

மிதப்பு அகலத்தால் மட்டும் வருவதில்லை. நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும் ராக்கர் அமைப்பு, முன்பகுதியின் அகலம், ஐந்து சென்டிமீட்டர் கூடுதல் நீளம் ஆகியவை இடையை அகலப்படுத்தாமலேயே நுனியை மேலே நிறுத்தும். பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கி வடிவமைத்து 2002இல் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயின் சிறப்பும் அகலத்தோடு நிற்கவில்லை. நடுப்பகுதி தாழ்ந்து இரு முனைகளும் உயர்ந்த அதன் வடிவமே பொடிப்பனிச் சறுக்கை மாற்றியது. நடுவில் கேம்பரும் (வில்போல மேலெழும் வளைவு) நுனியில் ராக்கரும் உள்ள 98 அகல ஸ்கீ, முழுக்கத் தட்டையான 106ஐவிடக் கலப்புப் பனியில் உங்களுக்கு நன்றாக உழைக்கும்.

வாடகைக் கடையில் அகலத்தைப் பேசி முடித்தபின், இரண்டு இடங்களில் கண்ணை வையுங்கள். கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக்கின் கைகள் ஸ்கீயின் இடையைவிடச் சில மில்லிமீட்டர் மட்டுமே அகன்றிருக்க வேண்டும். மிக அகன்ற பிரேக் சாயும்போது பனியில் உரசும், குறுகியது விரியாமல் சிக்கும். எவ்வளவு விசையில் பூட்டை விடுவிக்க வேண்டும் என்று பைண்டிங்கில் வைக்கும் விடுவிப்பு எண்ணை, உங்கள் எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், சறுக்கும் பாணி ஆகிய ஐந்தையும் கேட்டு வைத்தார்களா என்று பாருங்கள். முந்தைய வாடகைக்காரருக்கு வைத்த எண்ணோடே ஸ்கீயை நீட்டினால், கேட்டு மாற்றச் சொல்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கட்டும்.