கால் நின்னு போனா தாளம் போட்டுப் பாருங்க

"எங்கப்பா வேணும்னே பண்றாருங்க." பார்க்கின்சன்ங்கற நடுக்குவாத நோய் வந்தவங்கள கூட்டிட்டு வர்ற வீட்டுக்காரங்க கிட்ட இருந்து நான் அதிகமா கேக்கற வார்த்தை இதுதான். ஹால்ல நல்லாதான் நடக்கறாரு, வாசப்படி கிட்ட வந்தா கால் தரையோட ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடறாரு, கைய புடிச்சு இழுத்தாலும் வர மாட்டேங்கறாரு, ஆனா மாடிப்படி மட்டும் கடகடன்னு ஏறிடறாரு, அப்ப இது நடிப்பு தானேன்னு கேக்கறாங்க. நடிப்பே இல்லங்க. தர்மபுரியில பிசியோதெரபி பாக்கறவன்னு இல்ல, தினமும் இவங்க பக்கத்துல நின்னு நடக்க வைக்கறவன்னு நெனச்சு இத படிங்க.

நம்ம நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசிச்சு வைக்கறது இல்ல. மூளைக்குள்ள ஆழத்துல பேசல் கேங்க்லியான்னு ஒரு பகுதி இருக்கு, அதுதான் அடுத்த அடி எப்போன்னு உள்ளுக்குள்ளயே கணக்கு போட்டு விட்டுட்டே இருக்கும். அதுக்கு டோபமைன்னு மூளையில சுரக்கற ஒரு ரசாயனம் வேணும். பார்க்கின்சன்ல டோபமைன் சுரக்கற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா அழியுது, உள்ள இருக்கற தாளம் தப்புது, அடி சின்னதாகுது, குறுகலான எடத்துலயும் திரும்பற எடத்துலயும் கால் அப்படியே நின்னுடுது. படிக்கட்டுல மட்டும் எப்படி ஏறறாருன்னா, ஒவ்வொரு படியும் கண்ணுக்கு முன்னாடி இங்க கால வைன்னு சொல்லுது. வெளியில இருந்து ஒரு குறிப்பு கெடச்சா மூளை வேற வழியில காலை எடுக்க வைக்குது. அந்த குறிப்பு கண்ணுக்கு மட்டும்தான் வரணும்னு இல்ல, காது வழியாவும் வரலாம். அதுதான் இந்த பதிவோட விஷயமே.

பாட்டு கேக்கறது காதோட வேலை, ஆடறது ஒடம்போட வேலைன்னு தான் நம்ம பிரிச்சு வச்சிருக்கோம். ஆராய்ச்சி அப்படி சொல்லல. 2008ல சென், பென்ஹியூன், ஸடோரேன்னு மூணு பேர் ஆட்கள ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு வெறும் தாளத்த கேக்க விட்டாங்க, கைய கால அசைக்காம சும்மா கேட்டுட்டு இருந்தவங்களுக்கே ஒடம்ப அசைக்கற மூளைப் பகுதிகள் வேலை செஞ்சது. கிரான், பிரெட்னு ரெண்டு பேர் 2007லயே நல்லா அடி தெரியற தாளத்துக்கு பேசல் கேங்க்லியா கூடுதலா வேலை செய்யுதுன்னு காட்டியிருந்தாங்க. அத விட எனக்கு ரொம்ப புடிச்சது பிலிப்ஸ்-சில்வர், டிரெய்னர் 2005ல செஞ்சது. ஏழு மாசக் குழந்தைங்கள தூக்கி வச்சுக்கிட்டு ஒரே தாளத்துக்கு சில குழந்தைங்கள ரெண்டு அடிக்கு ஒரு தடவ, சில குழந்தைங்கள மூணு அடிக்கு ஒரு தடவ குலுக்கினாங்க. அப்பறம் கேக்க விட்டப்ப எந்த கணக்குல குலுக்கினாங்களோ அந்த கணக்குல அழுத்தம் இருந்த தாளத்ததான் குழந்தைங்க அதிக நேரம் கேட்டுச்சு. ஒடம்பு அசைஞ்சது, காது கேக்கற விதமே மாறிடுச்சு. நம்ம ஊர்ல தொடையில போட்டு ஆட்டி தாலாட்டு பாடற பாட்டிங்களுக்கு இத யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

சரி, வைத்தியத்துக்கு வரேன். 1996ல மைக்கேல் தாட்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் பார்க்கின்சன் உள்ளவங்கள மூணு வாரம் தினமும் அரை மணி நேரம் தாளம் கேட்டுக்கிட்டே நடக்க வச்சாங்க. நடை வேகம் சராசரியா 25 சதவீதம் கூடிச்சு, அடியோட நீளமும் கூடிச்சு. தாளம் இல்லாம தன் போக்குல அதே மாதிரி நடந்து பழகினவங்களுக்கு அந்த அளவுக்கு வரல. பக்கவாதத்துக்கு அப்பறம் ஒரு பக்கம் இழுத்து நடக்கறவங்களுக்கும் இந்த மொறைய பயன்படுத்தறோம். பெருசா மெஷின் எதுவும் வேண்டாம், போன்ல இலவசமா கெடைக்கற மெட்ரோனோம் ஆப் போதும், நம்ம வைக்கற வேகத்துல டக் டக்னு ஒரே சீரா அடிச்சுட்டே இருக்கும்.

பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வருவாரு. ஒரு காலத்துல கோயில் திருவிழாவுக்கெல்லாம் பம்பை அடிச்சவர். எங்க கதவு கிட்ட வந்ததும் நின்னுடுவாரு, அவர் மகன் "நைனா நடங்க, நடங்க"ன்னு முதுகுல கைய வச்சு தள்ளுவாரு, தள்ளத் தள்ள ஒடம்பு முன்னாடி சாயும், கால் வராது. தம்பி, தள்ளாதீங்க, விழுந்துடுவாருன்னு சொல்லிட்டு நான் பக்கத்துல இருந்த மேசையில விரலால டக் டக்னு ஒரே சீரா தட்டினேன், ஐயா, இந்த அடிக்கு மொதல்ல நின்ன எடத்துலயே எடைய இடதுக்கும் வலதுக்கும் மாத்துங்கன்னேன். நாலு அடி மாத்தினாரு. அஞ்சாவது அடிக்கு வலது கால் தூக்கி நெலப்படிய தாண்டி வச்சாரு. எல்லாருக்கும் எல்லா நேரமும் இப்படி நடக்காது, அதையும் சொல்லிடறேன். ஆனா தள்ளறத விட இது பாதுகாப்பு.

அதே மகன் இன்னொண்ணு சொன்னாரு. திருவிழாவுக்கு கூட்டிட்டு போனோம், முன்னாடி பம்பை உடுக்கை எல்லாம் பொளந்து கட்டறாங்க, இவரு கல்லு மாதிரி உக்காந்திருக்காரு, ரசனையே போயிடுச்சுங்கன்னு. அவரையே கேட்டேன். ரொம்ப சின்ன கொரல்ல, "பம்பைக்கு தோல் எறங்கி இருந்துச்சு, காய்ச்சாம வந்துட்டானுங்க"ன்னாரு. எல்லாத்தையும் கேட்டிருக்காரு, முகத்துல தான் வரல. இந்த நோய்ல முகத் தசையும் இறுகிடும், கொரலும் சன்னமாயிடும், கை அசைவும் கொறையும்.

இத நம்ம தப்பா எடுத்துக்கறதுக்கும் காரணம் இருக்கு. நம்ம மனுசங்க இசைய கண்ணாலயும் கேக்கறோம். 1993ல ஜேன் டேவிட்சன் வாத்தியம் வாசிக்கறவங்க ஒடம்புல வெளிச்சப் புள்ளி மட்டும் தெரியற மாதிரி படம் எடுத்து காட்டினாங்க, அந்த அசைவ வச்சே உணர்ச்சியோட வாசிக்கறாங்களா சும்மா வாசிக்கறாங்களான்னு பாக்கறவங்க கண்டுபுடிச்சாங்க. 2013ல சியா-ஜங் சாய் செஞ்ச ஆராய்ச்சியில போட்டியில யார் ஜெயிச்சாங்கன்னு சத்தமே இல்லாத வீடியோவ பாத்தவங்க, சத்தத்த மட்டும் கேட்டவங்கள விட சரியா சொன்னாங்க. நம்ம பக்கம் கூத்துல துரியோதனன் கிரீடத்தோட சுத்தி வர்றப்ப மத்தளக்காரர் கை அவர் காலோடவே போறத விடிய விடிய பாத்து வளந்தவங்க நம்ம, ஒடம்பு அசையலன்னா மனசும் அசையலன்னு முடிவு பண்ணிடறோம். பார்க்கின்சன் உள்ளவங்க கிட்ட அந்த முடிவுக்கு வராதீங்க, வாய் விட்டு கேளுங்க, பதில் வர கொஞ்சம் நேரம் குடுங்க.

வீட்ல செய்யறதுன்னா மொதல்ல ஒரு நிமிசத்துக்கு அவங்க இயல்பா எத்தன அடி வைக்கறாங்கன்னு எண்ணுங்க, மெட்ரோனோம அதே எண்ணுல வைங்க. பழகின பிறகு கொஞ்சமா ஏத்தலாம், ஆனா எடுத்த உடனே வேகமா வச்சீங்கன்னா சின்னச் சின்ன அடியா ஓட ஆரம்பிச்சு விழுந்துடுவாங்க. பாட்டு போடறதா இருந்தா அடி பலமா வெளிப்படையா கேக்கற பாட்டா, வேகம் மாறாத பாட்டா, ரெண்டு ரெண்டா நாலு நாலா எண்ண வர்ற பாட்டா பாருங்க, ஏன்னா பாட்டுக்குள்ள மறைஞ்சிருக்கற தாளத்த தானா புடிக்கறதும் இந்த நோய்ல கொறையும். மாத்திரை நல்லா வேலை செய்யற நேரத்துல, கால் தடுக்கற விரிப்பு எதுவும் இல்லாத தரையில, பக்கத்துல ஒருத்தர் இருக்கும்போது மட்டும் செய்யுங்க. எந்திரிச்சா தலை சுத்துதுன்னா மொதல்ல டாக்டர்கிட்ட பிரஷர் பாருங்க. ரோட்ல ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க, தாளம் அதுக்கு பதில் கெடையாது. இன்னொண்ணு, நம்ம மாவட்டத்துல தண்ணியில ஃப்ளோரைடு பிரச்சன ரொம்ப காலமா இருக்கு, அது எலும்ப பாதிச்சும் இப்படி ஆகலாம், அதனால முதுகு வளைஞ்சு மெதுவா நடக்கற எல்லாருக்கும் பார்க்கின்சன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, டாக்டர் பாத்துதான் சொல்லணும். கிளினிக் வரைக்கும் வர முடியாதவங்க தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பத்தி உங்க ஊர் செவிலியர்கிட்ட கேளுங்க, 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தான் அந்த திட்டத்தையே ஆரம்பிச்சாங்க, அதுல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்கறதும் இருக்கு. வர்றவங்ககிட்ட நடைக்கு தாளம் வச்சு பயிற்சி வேணும்னு நீங்களே கேளுங்க.