கையெழுத்து போடத் தெரிந்தால் படிக்கத் தெரியும் என்று அர்த்தமா?

போன வாரம் பள்ளி விட்ட பிறகு, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வந்தார். முந்தானையில் சுருட்டி வைத்திருந்த நான்கு தாள்களை என் மேசையில் விரித்தார். பக்கத்து வீட்டுப் பெண் தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் கடன் வாங்கியபோது, 'சும்மா சாட்சிக்குத்தான்' என்று சொல்லி இவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்த வீட்டில் தவணை நின்று இரண்டு மாதம். இப்போது வசூலுக்கு இவர் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். தாளைப் பார்த்தேன். இவர் கையெழுத்துக்கு மேலே 'இணைக் கடன்தாரர்' என்று நல்ல தமிழில் அச்சாகியிருந்தது. அதாவது கடனைச் சேர்ந்து வாங்கியவர்; கட்டும் பொறுப்பு இவருக்கும் உண்டு.

"பிள்ளைய வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் டீச்சர் போட்டேன்" என்றார்.

பிள்ளை சரியாகத்தான் வாசித்திருப்பாள். அவளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு இணைக் கடன்தாரர் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? மகள் வாசித்தாள், தாய் கேட்டார், இரண்டு பேருக்கும் புரியவில்லை. இந்த ஆண்டு இப்படி என்னிடம் வந்த மூன்றாவது தாய் இவர்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கத்துக் கடற்கரையில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். பகலில் பிள்ளைகள், சாயங்காலம் அதே வகுப்பறையில் பெரியவர்கள். "நீங்களும் படிக்க வாங்கக்கா" என்று இந்த அம்மாவை நான் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறேன். இரண்டு முறையும் ஒரே பதில்தான்: "எனக்குத்தான் கையெழுத்து போடத் தெரியுமே டீச்சர்."

இந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் கரையில் பெண்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே நான் ஒரு சோதனை செய்வேன். பெயரை எழுதச் சொல்வேன். முனியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் எழுதிவிடுவார். பிறகு பலகையில் 'மாம்பழம்' என்று எழுதி, "உங்க பேர்ல இருக்கிற எழுத்து இதுல எதுக்கா?" என்று கேட்பேன். விரல் தயங்கும். 'ப'வில் போய் நிற்கும். அவர் எழுதியது எழுத்தே இல்லை, கோலம். புள்ளியும் வளைவும் கைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். மகளிர் குழுவில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று யாரோ ஒரு மத்தியானம் உட்கார்ந்து பழக்கிவிட்ட கோலம்.

கைநாட்டு அவமானம், கையெழுத்து கௌரவம் என்று ஊரே நினைக்கிறது. கைநாட்டு வைக்கிறவரிடம் பல இடங்களில் யாராவது ஒருவர் 'படித்துக் காட்டினேன்' என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும். பேருக்காவது ஒரு குரல் அந்தத் தாளை வாசிக்கும். கையெழுத்துப் போடுகிறவருக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. போட்டுவிட்டாரே, அப்படியென்றால் படித்திருப்பார் என்று எடுத்துக்கொள்வார்கள். படிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் தெரிந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரிகிறதா? நான்கு வருடமாக இதைத்தான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2022இல் தொடங்கி 2027 வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதும் அதற்கு மேலும் ஆன, எழுதப் படிக்கத் தெரியாத எல்லாருக்கும் உரியது. பள்ளிக்கூடம்தான் மையம், தன்னார்வலர்கள்தான் ஆசிரியர்கள். இறுதித் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு. வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50. கையெழுத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. எழுத்தறிவோடு பணம் கையாளுதல், உடல்நலம் போன்ற வாழ்க்கைத் திறன்கள், தொழில் திறன், தொடர்கல்வி எல்லாம் அதில் உண்டு. தேர்வு முடிந்ததும் மையத்தைப் பூட்டிவிட்டால் எல்லாம் வீண். தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பெண்களை சைக்கிளிலேயே ஏற்றிவிட்டது. எங்கள் ஊரிலும் அறிவொளியில் படித்த பாட்டி ஒருவர் இருக்கிறார். அந்தப் புத்தகத்தை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஆனால் அவரால் இப்போது அதை வாசிக்க முடியவில்லை. படித்த பிறகு வாசிக்க அவருக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் எங்கள் பள்ளித் திண்ணையில் செய்தித்தாள் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து எடுக்கலாம்.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை ஊரில் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறு மணி என்று அட்டவணை போட்டால் ஆள் வராது. வரவில்லை என்றதும் "ஆர்வமில்லை" என்று பதிவேட்டில் எழுதாதீர்கள். கடல் பாசி எடுக்கிற பெண்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடலுக்குப் போகிறவர்கள். விரலில் துணி சுற்றி, மணிக்கணக்கில் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துவிட்டு வருகிற கை அது. அன்றைக்குப் பென்சிலைப் பிடிக்காது. எங்கள் வகுப்பு அட்டமி, நவமியை ஒட்டி நடக்கிறது. முதல் மாதம் பென்சிலே கிடையாது, தடித்த சாக்பீஸும் தரையும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வலையைப் பின்னிக்கொண்டு கரையில் இருக்கும் அந்த நாட்களில் ஆண்களைக் கூப்பிடுங்கள், வருவார்கள்.

இன்னொன்று. "மண்டையில ஏறல டீச்சர்" என்று சொல்கிற நாற்பது வயதுக்காரருக்கு மண்டையில் ஒரு குறையும் இல்லை. வெள்ளெழுத்துதான், கிட்டத்தில் இருக்கிற எழுத்து மங்கலாகத் தெரிகிறது. முதலில் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

தாய்மார்களுக்கும் சொல்கிறேன். இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். பேங்க் சலான் நிரப்பப் பிள்ளையின் பள்ளியை நிறுத்தாதீர்கள். ஓடிபி வாசிக்கச் சொல்லிப் பிள்ளையிடம் போனைக் கொடுத்து, அந்த நம்பரை யாருக்கோ சொல்லாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். 'சாட்சி' என்று வாயால் சொன்னால் போதாது, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் கேளுங்கள். சிறுகடன் கொடுப்பவர்கள் கடன் விவரம் எழுதிய அட்டையை உங்களுக்குப் புரிகிற மொழியில்தான் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இது தெரியாது. ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டியபோது பயந்துபோய்த் தோட்டை அடகு வைத்திருக்கிறார்.

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தத் தாய்மார்களிடம் தீர்மானப் புத்தகத்தை நீட்டி, "இங்க போடுங்கம்மா" என்று கையெழுத்து வாங்குகிற பழக்கம் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது? நானும் அப்படி வாங்கியவள்தான். படிக்காமல் போடுவதை நாமே பழக்கிவிட்டு, வெளியில் போய் ஏமாந்துவிட்டார்கள் என்று அங்கலாய்க்கிறோம். இப்போது ஒவ்வொரு தீர்மானத்தையும் ஓர் அம்மா எழுந்து வாசித்த பிறகுதான் புத்தகம் சுற்றுக்குப் போகிறது. கூட்டம் அரை மணி நேரம் நீள்கிறது. நீளட்டும்.

எங்கள் வகுப்பில் பாடப் புத்தகத்தைவிட ரேஷன் அட்டை, பாஸ்புக், நூறுநாள் வேலை அட்டை, மாத்திரை அட்டை இவைதான் அதிகம் புழங்கும். அடுத்த வகுப்புக்கு அந்த நான்கு தாளையே பாடமாக வைத்திருக்கிறேன். பெயரை மறைத்து எழுதிப் பலகையில் ஒட்டப்போகிறோம். அந்த அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் வாங்க அக்கா. அட்டமி அன்று சாயங்காலம் ஆறரைக்கு. வீட்டில் எந்தத் தாள் புரியாமல் கிடக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வாங்க. கண்ணாடி இருந்தால் அதையும். கைக்குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டே வரலாம், பாய் விரித்திருப்போம். பள்ளிக் கேட்டில் சங்கிலி தொங்கினாலும் பூட்டியிருக்காது, தள்ளினால் திறக்கும்.