தாக்கப்படுவதற்கென்றே கட்டப்படும் வலையமைப்பு

2007 ஏப்ரல் கடைசியில் எஸ்தோனியாவின் நாடாளுமன்றம், வங்கிகள், செய்தித்தாள்கள் என்று வரிசையாக இணையதளங்கள் முடங்கின. தலைநகர் தாலினில் சோவியத் காலப் போர்வீரர் சிலையை இடம் மாற்றியதில் கிளம்பிய கலவரத்தோடு கூடவே வந்த தாக்குதல் அது. மறு ஆண்டே நேட்டோவின் அங்கீகாரத்தோடு இணையப் பாதுகாப்பு மையம் ஒன்று தாலினில் தொடங்கப்பட்டது. இணையத் தாக்குதலைச் சமாளிக்கப் பழக்கும் 'லாக்ட் ஷீல்ட்ஸ்' என்ற பெரிய பயிற்சியை நடத்துவது இந்த மையம்தான்.

நிஜ ராணுவ வலையமைப்பில் ஒத்திகைக்காக வைரஸை விட முடியாது. ஆகவே நகல் தேவை. ஒரு பெரிய சர்வரின் செயலியையும் நினைவகத்தையும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் பங்கு போட்டுக் கொடுக்க, உள்ளே பல மெய்நிகர் கணினிகள் தனித்தனியாக ஓடும். வலையமைப்புகளை இணைக்கும் ரூட்டர், வேண்டாத தகவலைத் தடுக்கும் ஃபயர்வால்கூட மென்பொருளாகவே இருக்கலாம். ஒருமுறை கட்டிய வலையமைப்பை அணிக்கு ஒன்றாகப் பிரதி எடுத்துவிடலாம். 2021 பயிற்சியில் காக்கும் பக்கத்தில் 22 நீல அணிகள், சுமார் 5,000 மெய்நிகர் கணினிகள், 4,000க்கும் மேற்பட்ட தாக்குதல்கள்!

கதைப்படி தாக்கப்படுவது பெரிலியா என்ற கற்பனை நாடு. சிவப்பு அணி தாக்கும், நீல அணி காக்கும். பச்சை அணி இந்த மெய்நிகர் உலகத்தையே கட்டிப் பராமரிக்கும். கணினியை அணைத்துவிட்டால் யாராலும் தாக்க முடியாதே என்று தோன்றும். சரி, ஆனால் மின்னஞ்சலும் மின் விநியோகமும் தடையில்லாமல் ஓடுகின்றனவா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அணைத்தால் அது போச்சு.

கணினிகளைப் பிரதி எடுப்பது இன்று பெரிய வித்தை இல்லை. கஷ்டமெல்லாம் மனிதர்களைப் பிரதி எடுப்பதில்தான் என்பேன். நிஜ அலுவலகத்தில் ஒருவர் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடிப்பார். இன்னொருவர் வேலை நேரத்தில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். வந்த இணைப்பையெல்லாம் சொடுக்கும் ஆளும் ஒருவர் இருப்பார். இந்தச் சந்தடிக்குள்தான் தாக்குபவன் ஒளிந்துகொள்கிறான். ஆளே இல்லாத நகலில் புதிதாக எது நடந்தாலும் அது தாக்குதல்தான் என்று நீல அணி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும். அப்படிப் பழகியவர்கள் நிஜ வலையமைப்பில் திணறிப்போவார்கள். அதனால் மின்னஞ்சல் அனுப்பவும் கோப்புகளைத் திறக்கவும் போலிப் பயனர்களை உருவாக்கி நாள் முழுக்க ஓடவிடுகிறார்கள். அவர்கள் கடிகாரம் தவறாமல் பத்து நிமிடத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலும் குட்டு உடைந்துவிடும். நேரத்தையும் கொஞ்சம் தாறுமாறாக்க வேண்டும்.

பயிற்சி முடிந்ததும், முன்பே எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து (கணினியின் அந்த நேரத்து நிலையை அப்படியே சேமித்த பதிவு) எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். மின்நிலையத்திலும் குடிநீர் ஆலையிலும் உள்ள கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மட்டும் இந்த வசதி முழுதாகக் கைகொடுக்காது. அவற்றின் நடத்தையை மென்பொருளில் அப்படியே கொண்டுவருவது கடினம் என்பதால், சில பயிற்சிக் கூடங்களில் உண்மையான கருவிகளையே வாங்கி மெய்நிகர் வலையமைப்போடு இணைக்கிறார்கள். அவற்றை நினைத்த எண்ணிக்கையில் பிரதி எடுக்க முடியாது, பழுதானால் காசு கொடுத்துப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.