அக்காடியர் இல்ல, அகாடியர்

மறுபடியும் பார்த்துட்டேன். கனடா வரலாறு பத்தி ஒரு மொழிபெயர்ப்பு, அதுல 1755-ல பிரிட்டிஷ்காரங்க "அக்காடியர்களை" கப்பல்ல ஏத்தி விரட்டினாங்கன்னு போட்டிருக்கு. அக்காடியர்னா மெசபடோமியாக்காரங்க, சார்கோன் மன்னனோட ஆளுங்க, களிமண் பலகையில ஆப்பெழுத்து எழுதினவங்க. அவங்களை எந்த பிரிட்டிஷ்காரன் கப்பல்ல ஏத்தினான்? விரட்டப்பட்டவங்க அகாடியர், இன்னைக்கு நோவா ஸ்கோஷியான்னு சொல்ற கனடாவோட கிழக்குப் பக்கத்துல குடியேறின பிரெஞ்சுக்காரங்க.

ஆங்கிலத்துல ரெண்டு இனத்தோட பேரும் காதுக்கு ஒண்ணுதான், எழுத்துலதான் வித்தியாசம், மெசபடோமியாவுக்கு ரெண்டு கே, கனடாவுக்கு ஒரு சி. வேர் வேற வேற. 1524-ல இத்தாலிய மாலுமி வெராசானோ அமெரிக்கக் கிழக்குக் கரையோரமா வந்தப்போ மரங்களோட அழகைப் பார்த்து ஒரு இடத்துக்கு ஆர்காடியான்னு பேர் வெச்சார், கிரேக்கத்துல இருக்கிற ஒரு பகுதியோட பேரு. பின்னாடி வந்த வரைபடங்கள்ல அந்தப் பேர் வடக்க நகர்ந்து 'ர்' உதிர்ந்து இன்னைக்கு நோவா ஸ்கோஷியா இருக்கிற பக்கம் போய் உட்கார்ந்துடுச்சு. அந்தப் பக்கத்துப் பழங்குடிகளோட மிக்மாக் மொழியில வளமான இடத்தைக் குறிக்கிற ஒரு விகுதியும் இதே மாதிரி ஒலிக்கும், ஷுபெனகாடின்னு ஊரே இருக்கு, அதுவும் கலந்திருக்கும்னு சொல்றவங்க உண்டு.

சரி, தமிழ்ல எப்படி எழுதறது? 'அகாடியர்'னு எழுதினா காகத்துல வர்ற ரெண்டாவது க மாதிரி படிச்சிடுவாங்க, அதனால க் போட்டே ஆகணும்னு ஒரு வாதம் வருது. சிகாகோவை எப்படிப் படிக்கிறோம், மெக்சிகோவை எப்படிப் படிக்கிறோம்? வெளியூர்ப் பேர்ல ஒத்தைக் க-வை வல்லினமா படிக்க நமக்கு நல்லாவே பழகிடுச்சு. அப்படியே கொஞ்சம் மெலிஞ்சு ஒலிச்சாலும் என்ன போச்சு, நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின இன்னொரு மக்களோட குழம்பறதுக்கு அது எவ்வளவோ மேல். 'வளநாட்டார்'னு தனித்தமிழாக்கினதையும் பார்த்தேன், எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும், ஆனா ஒரு இனத்தோட பேரை மொழிபெயர்க்கக் கூடாது, நம்மளை யாராவது 'இனிமைக்காரங்க'ன்னு மாத்தினா ஒத்துப்போமா? 'கனடா பிரெஞ்சுக்காரர்'ங்கறதும் தப்பு. அது கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக்காரங்களையும் சேர்த்துக்கும். அகாடியரோட போர்ட் ராயல் 1605, கியூபெக் நகரம் 1608, ஆரம்பத்துலேர்ந்தே தனித்தனி குடியேற்றம். இவங்களுக்குன்னு கொடி இருக்கு, பிரெஞ்சு மூவர்ணத்துல நீலப் பட்டையில ஒரு மஞ்சள் நட்சத்திரம், 1884-ல வந்தது. இவங்க தேசிய நாள் ஆகஸ்ட் 15, கியூபெக்குக்கு ஜூன் 24.

லூசியானா போய்ச் சேர்ந்தவங்க பேர்ல முன்னாடி அ உதிர்ந்து கேஜன் ஆச்சு. நம்ம கடையில விக்கிற கேஜன் மசாலா பாக்கெட்ல இருக்கிறதும் இவங்க பேருதான்.

இதைவிட என்னை நோகடிச்சது, அதே கட்டுரையில அந்த விரட்டலுக்கு "பெரும் எழுச்சி"ன்னு போட்டிருந்தது. ஆங்கிலத்துல 'அப்ஹீவல்'னு இருந்ததுக்கு அகராதியைப் புரட்டி முதல்ல கண்ணுல பட்ட சொல்லை எடுத்து ஒட்டியிருக்காங்க. எழுச்சின்னா மக்கள் கிளம்பிப் போராடறது. அங்க நடந்தது என்ன? 1755 செப்டம்பர் 5, அகாடியர் ஊரான கிராண்ட் ப்ரேயோட தேவாலயத்துக்குள்ள 418 ஆம்பளைங்களையும் பசங்களையும் வரவெச்சு, பிரிட்டிஷ் தரப்புக் கர்னல் வின்ஸ்லோ உத்தரவை வாசிச்சார். நிலம், வீடு, ஆடு மாடு எல்லாம் அரசருக்குச் சொந்தம், நீங்க கிளம்புங்கன்னு. பிரெஞ்சுல அவங்க வெச்ச பேருக்கு, ஒழுங்கா இருந்ததைக் கலைச்சுப் போட்டதுன்னு அர்த்தம். 'பெரும் நாடுகடத்தல்'னு எழுதுங்க.